ஜோடிக் கிளி பேசாது

மந்தைவெளி
9.11.97

அன்புள்ள அத்தானுக்கு, தேவானை எழுதுவது. நான் இருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முதுகுப் பிடிப்பு விட்டதா? சாரம் ஏறும்போது பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பத்து நாளாக மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். தி.நகர் கடையிலிருந்து பிளவுஸ் துணி வரவில்லை, அதனால் மிஷினுக்கும் வேலை இல்லை.

மாடியில் வீட்டுக்கார மாமாவும் மாமியும் அமெரிக்காவில் மகன் சாய்நாத்திடமே போய்விடுகிறார்கள். இனி வரமாட்டார்கள் போல. போன வாரம் மாமி என்னை மேலே கூப்பிட்டாள். தாழ்வாரத்தில் ஒரு பெரிய கூண்டு தொங்குமே, சாய்நாத் வாங்கிப் போட்ட இரண்டு கிளி, அதைக் காட்டி, "நீ வெச்சுக்கோடி தேவானை. உனக்கும் ஆத்துல ஒரு சத்தம் இருக்கும்" என்றாள். "ஆனா ஒண்ணு. இதுகளைப் பிரிச்சுடாதே. நாலு வருஷமா ஒண்ணையொண்ணு ஒட்டிண்டேதான் இருக்கு. பாவம் வந்து சேரும்" என்றாள். சரி மாமி என்று கூண்டைக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

நாலு வருஷத்தில் யாரும் அவற்றைத் தொட்டதே இல்லையாம். தட்டில் தீனி வைப்பதோடு சரி. நான் கிட்டே போனாலே கம்பியில் மோதிக்கொண்டு கத்துகின்றன. கழுத்தில் சிவப்பு ஆரம் இருப்பது ஆண். அதை ஆரக்காரன் என்று கூப்பிடுகிறேன். ஆரம் இல்லாதது பெண். அவளுக்குப் பேர் வைக்கவில்லை. பெண்ணுக்குப் பேர் வைக்க வாய் வரவில்லை.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, இரண்டில் ஒன்றையாவது பழக்கி "அம்மா" என்று சொல்லவைக்க வேண்டும். நேற்றோடு மூன்று மாதம் ஆகிறது, இந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு. சிரிக்காதீர்கள்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பதில் போடவும்.

தேவானை

*

மஸ்கட், ரூவி
27.11.97

உ
முருகன் துணை

அன்புள்ள தேவானைக்கு அய்யாதுரை எழுதிக்கொண்டது. முருகன் அருளால் இங்கு நான் சுகம். அங்கு நீயும் வடிவும்

மேலே அடித்திருப்பதைப் பார்த்து வருத்தப்படாதே. எட்டு வருஷமாக எழுதிய வரி. கை தன்னால் எழுதிவிட்டது. வேறு தாள் இல்லை.

நீ கடிதத் தலைப்பில் முருகன் துணை போடவில்லை. பார்த்தேன்.

கிளி வளர்ப்பதில் எனக்கு என்ன ஆட்சேபம். பச்சை மிளகாய் கொடு, ஊறவைத்த கடலை கொடு. எங்கள் கேம்பில் ஒரு மைனா வந்து எங்களோடு சோறு தின்கிறது. அதற்கு மலையாளம், இந்தி, தமிழ் மூன்றிலும் திட்டு வாங்கிப் பழக்கம்.

தேவானை, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் வந்து இருந்த பன்னிரண்டு நாளும் கேட்க நினைத்தேன், முடியவில்லை. அன்று வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளை உன்னிடம் ஏதாவது சொன்னாளா? வயிறு வலிக்கிறது என்று ஒரு வார்த்தையாவது? பள்ளிக்கூடத்தில் மயங்கி விழும்வரை அவள் சொல்லவே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னாய். எங்கள் கம்பெனி கிளினிக்கில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். குடல்வால் வெடிக்கிற அளவுக்கு வலித்திருந்தால் ஒன்பது வயசுப் பிள்ளை சொல்லாமல் இருக்காதே என்கிறாள். அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

மனதில் எதுவும் வைத்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
அய்யாதுரை

*

மந்தைவெளி
14.12.97

அன்புள்ள அத்தானுக்கு, தேவானை எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நேரத்துக்குத் தூங்குங்கள்.

கிளிகளைப் பற்றி நிறைய எழுத இருக்கிறது.

முதல் நாலு நாள் கூண்டுக்குப் பக்கத்தில் மிஷினைப் போட்டுக்கொண்டு சும்மா தைத்தேன். அதுகள் பக்கம் திரும்பவே இல்லை. நாம் பார்த்தால் அதுகளுக்குப் பயம். பார்க்காமல் இருந்தால் அதுகள் நம்மைப் பார்க்கின்றன. மிஷின் சத்தம் பழகிவிட்டது. ஐந்தாம் நாள் கம்பிக்கு வெளியே ஒரு பச்சை மிளகாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கை மரத்துப் போயிற்று. ஆரக்காரன் ஒவ்வொரு அடியாக வந்து நுனியைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டான். தானே தின்னுவான் என்று பார்த்தால், நேராக அவளிடம் போய் அவள் வாயில் ஊட்டுகிறான்.

கையை உள்ளே விட்டபோதுதான் கஷ்டம். என் கண்ணாடி வளையல் சத்தத்துக்கு இரண்டும் வெறிபிடித்த மாதிரி பறந்தன. அதனால் வலது கை வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். அப்போது தெருமுனை டெலிபோன் பூத் சகினா சேலைக்கு ஓரம் அடிக்கக் கொண்டுவந்தாள். பார்த்துவிட்டுக் கத்தினாள்: "இன்னாடி இது, புருசன் உசுரோட கீறப்போ வளையல கழட்டி வெச்சிகினு கீற? அவரு காதுல உழுந்தா இன்னா நெனைப்பாரு?" கிளிக்காக என்றேன். "கிளிக்காவ தாலியையும் கழட்டுவியா?" என்றாள். இடது கையில் இருக்கிறது, அதனால் தோஷம் இல்லை என்று நினைக்கிறேன்.

கட்டைவிரலில் கடித்துவிட்டது. ஆழம்தான். கையை இழுக்கவில்லை. இழுத்தால் அதற்கு நாம் பயப்படுகிறோம் என்று தெரிந்துபோகும், பிறகு எப்போதும் கடிக்கும்.

கடையிலிருந்து பொங்கல் வேலை வந்துவிட்டது. நிறைய இருக்கிறது. அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

தேவானை

*

மஸ்கட், ரூவி
4.1.98

உ
முருகன் துணை

அன்புள்ள தேவானைக்கு அய்யாதுரை எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் கட்டைவிரல் ஆறியதா? மஞ்சள் வைத்துக் கட்டு.

வளையல் விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை. சகினாவிடம் சொல், மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து நான் இன்னும் விழவில்லை என்று.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. பரவாயில்லை. இனி கேட்கமாட்டேன். கேட்டு மட்டும் என்ன ஆகப்போகிறது.

வேறு ஒரு விஷயம். நான் எழுதிய பழைய கடிதங்களை எல்லாம் இன்னும் வைத்திருக்கிறாயா? ஈரத்தில் பூச்சி வரும். கிளியும் கடித்துக் குதறும். போகி வருகிறதே, அதில் போட்டுக் கொளுத்திவிடு. எல்லாம் மனசு வரவில்லை என்றால் போன ஜூன், ஜூலையில் வந்ததை மட்டுமாவது கொளுத்து. படித்துக்கொண்டு உட்காராதே, அப்படியே போடு.

சித்திரையில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியவில்லை.

இப்படிக்கு
அய்யாதுரை

*

மந்தைவெளி
22.1.98

அன்புள்ள அத்தானுக்கு, தேவானை எழுதுவது. இங்கே குளிர் கொஞ்சம் இருக்கிறது. மற்றபடி நலம். நீங்கள் வருகிற சேதியைச் சீக்கிரம் எழுதவும்.

கடிதங்களை நான் கொளுத்தவில்லை. போகியன்று அலமாரியைத் திறந்தேன், அவளுடைய சீருடை கீழே விழுந்தது, மூடிவிட்டேன். பூச்சி வராது, வேப்பிலை போட்டிருக்கிறேன். எதற்காக அந்த இரண்டு மாசத்துக் கடிதம் என்று எனக்குப் புரியவில்லை. சரி.

ஆரக்காரன் இந்த மாதம் என் மணிக்கட்டில் வந்து உட்கார ஆரம்பித்தான். ஆனால் அவளுக்குத் தெரிகிற இடத்தில்தான். நான் அவனைச் சமையல்கட்டுப் பக்கம் கொண்டுபோனால் அவள் இங்கே ஒரு குரல் கொடுப்பாள், உடனே பறந்து போய்விடுவான். அவள் என் கைக்கு வரவே இல்லை. வருவாள் என்றும் தோன்றவில்லை.

இரண்டு மாதமாகத் தினம் காலையில் அரை மணி நேரம் கூண்டுக்கு முன்னால் நின்று அம்மா, அம்மா என்றேன். என் வாயைப் பார்த்துவிட்டு இரண்டும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டன. அவ்வளவுதான்.

அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கூண்டு கட்டிக்கொண்டு அக்பர் பாஷா என்று ஒருவர் நிற்பார். அவரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "இன்னா தாயி, ஜோடியா வெச்சிகினு பேசு பேசுன்னா எப்டி பேசும்? அதுக்குப் பேச ஆளு கீது. உன்கிட்ட இன்னாத்துக்குப் பேசணும்? ஜோடிக் கிளி பேசாது. ஒண்ண வேற ரூம்ல வையி, மூஞ்சி தெரியக்கூடாது, சத்தமும் கேக்கக்கூடாது. ஒண்டியா கெடந்தா உன்னியத் தேடும். நாப்பது நாள்ல அம்மான்னும், அப்பான்னும்" என்றார்.

மாமி சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தாலும் செய்துவிட்டேன். ஆரக்காரனை மிஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கூண்டில் வைத்திருக்கிறேன். அவளை மாடியில், மாமி பூட்டிப் போன தாழ்வாரத்தில். சாவி என்னிடம்தானே இருக்கிறது. இன்றோடு எட்டு நாள்.

நான் செய்தது தப்பு என்றால் எழுதுங்கள்.

தேவானை

*

மந்தைவெளி
16.2.98

அன்புள்ள அத்தானுக்கு, தேவானை எழுதுவது. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா? வேலை அதிகம் என்றால் இரண்டு வரி போதும்.

கிளிகளை மறுபடி ஒன்றாக வைத்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

மாடியில் வைத்த முதல் வாரம் அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கீழே கேட்காமல் இருக்கக் கதவிடுக்கில் துணியை அடைத்தேன். இரண்டாம் வாரம் சத்தம் நின்றது. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நாள் தீனி வைக்கப் போனால், கூண்டுக்கு அடியில் பச்சை இறகாகக் கிடக்கிறது. தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறாள். உரித்த கோழி மாதிரி சிவப்பாக இருந்தது. கடலையைத் தொடவில்லை. கொய்யாப்பழம் அப்படியே கறுத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓடினேன் அக்பர் பாஷாவிடம். "அதெல்லாம் நடிப்பு தாயி. பொட்டக் கிளி நல்லா நடிக்கும். நீ எறங்கி வர்றியான்னு பாக்குது. ரெண்டு நாள் கண்டுக்காத, தன்னால துன்னும்" என்றார். நல்ல மனுஷர்தான். பொய் சொல்கிறவர் இல்லை. அவர் தொழிலில் பார்த்ததைச் சொன்னார்.

நானும் வீட்டுக்கு வந்து, சரி, இரண்டு நாள் பார்ப்போம் என்று மிஷினில் உட்கார்ந்தேன்.

உட்கார முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை இப்போது எழுதவில்லை. மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். தரையில் ஒரு மூலையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டு சகினாவோடு ஆட்டோ பிடித்து வேப்பேரி மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு வயசான டாக்டர் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நோவு ஒண்ணும் இல்லம்மா. இதோட இருந்தது எங்கே?" என்றார். கீழே இருக்கிறது என்றேன். "அப்புறம் இங்க எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்றார்.

சாயந்திரம் இரண்டையும் ஒரே கூண்டில் விட்டேன். ஆரக்காரன் ரொம்ப நேரம் கிட்டே போகவில்லை. பிறகு போய் அவள் தலையைக் கோதினான். மறுநாள் அவன் ஊட்ட, தின்றாள். பிழைத்துவிட்டாள். நெஞ்சில் இறகு மட்டும் முளைக்கவில்லை.

ஆரக்காரன் தனியாக இருந்தபோது ஒரு வார்த்தை பேசினான். அக்பர் பாஷா சொன்னது பலித்தது. ஆனால் அம்மா இல்லை.

தேவானை

*

மஸ்கட், ரூவி
8.3.98

உ
முருகன் துணை

அன்புள்ள தேவானைக்கு அய்யாதுரை எழுதிக்கொண்டது. சுகம்தான். கடிதம் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

கிளி பிழைத்தது சந்தோஷம். இனி பிரிக்காதே. பேசாவிட்டால் என்ன, நாம் பேசி என்ன கண்டோம்.

என்ன வார்த்தை பேசியது என்று எழுதாமல் விட்டிருக்கிறாய். இங்கே ரூமில் தனபாலன் அண்ணனிடம் சொன்னேன். "உன் பேரைச் சொல்லியிருக்கும்டே, அதான் வெக்கப்படுதா" என்கிறார். நிஜமா?

ஒரு கெட்ட சேதி. சித்திரைக்கு வரவில்லை. காண்ட்ராக்ட் முடிந்தது, ஆனால் நானே இன்னும் ஒரு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. அங்கே வந்து உன் எதிரில் உட்கார எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

கடிதங்களைக் கொளுத்தச் சொன்னேனே.

இப்படிக்கு
அய்யாதுரை

*

மந்தைவெளி
25.3.98

அன்புள்ள அத்தானுக்கு, தேவானை எழுதுவது.

நலம் விசாரித்து எழுத இன்று முடியவில்லை. மன்னிக்கவும். மூன்று தாள் கிழித்தாயிற்று.

என் எதிரில் உட்காரத் தெம்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நர்ஸ் சொன்னபோதே தெரிந்திருக்கும். நான் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அவள் சொன்னாள் அத்தான். வியாழக்கிழமை ராத்திரியே வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஓம வாட்டர் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பாயில் சுருண்டுகொண்டு, "அம்மா, வயிறு வலிக்குதும்மா" என்றாள். அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நடிக்காத, எந்திரி" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். ஷூ போடக் குனிய முடியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன். மாட்டும்போதுகூட எனக்குத் தோன்றவில்லை, குனிய முடியாமல் யாராவது நடிப்பார்களா என்று.

ரிக்ஷாவில் ஏறிவிட்டுத் திரும்பி "அம்மா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் கையைக் காட்டிப் போ போ என்றேன். பத்தரை மணிக்கு ஆயா ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த மூன்று நாளும் அவளுக்குச் சரியாக நினைவு வரவில்லை.

ஊரிலிருந்து வந்தவர்கள், மாமி, டாக்டர், எல்லாரும் கேட்டார்கள். பிள்ளை சொல்லவே இல்லை என்றேன். முதலில் ஒருத்தரிடம் சொன்னேன், பிறகு மாற்ற முடியவில்லை. நீங்கள் வந்து இறங்கினபோதும் அதையே சொன்னேன். பழியை அவள்மேலேயே போட்டேன்.

அந்தக் கிளி என்ன சொன்னது என்று கேட்டீர்கள். அன்று அக்பர் பாஷா "நடிப்பு" என்றாரே, அதைக் கேட்டுவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆரக்காரன். சகினாவும் சேலை வாங்க வந்து நின்றாள். அப்போது அவன் கழுத்தைச் சாய்த்து, "நடிக்காத, எந்திரி" என்றான். என் குரலில். அப்படியே என் குரலில். சகினா சிரித்துவிட்டு, "யாருடி நடிக்கிறது?" என்றாள்.

நான் அதற்கு ஒரு நாளும் அதைச் சொல்லித் தரவில்லை அத்தான். காலையில் அரை மணி நேரம் அம்மா என்று சொன்னேன். மீதி நாள் முழுக்கத் தைக்கும்போது வாய்க்குள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

அதன் பிறகு நான் எப்படி இரண்டு நாள் காத்திருப்பேன், சொல்லுங்கள். அதனால்தான் மாடிக்கு ஓடினேன்.

இனி நீங்கள் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தேவானை

*

மந்தைவெளி
31.5.98

அத்தானுக்கு, தேவானை எழுதுவது. என் கடிதம் வந்து சேர்ந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு மாதம் தாண்டிவிட்டது. அக்கினி நட்சத்திரம் போய்விட்டது, ஆனால் வெயில் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை சகினா வந்து, "ஏய், மஸ்கட் போனு, ஓடியா" என்றாள். ஓடினேன். ஹலோ என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. அத்தானா என்றேன். வைத்துவிட்டீர்கள். லைன் கட்டாகிவிட்டது என்று சகினாவிடம் சொன்னேன். அவள், "ஆமாமா, அந்த ஊரு லைனு அப்டித்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திட்டியாவது எழுதுங்கள்.

கிளிகள் இருக்கின்றன. நானும் இருக்கிறேன்.

தேவானை

*

மஸ்கட், ரூவி
20.6.98

அன்புள்ள தேவானைக்கு அய்யாதுரை எழுதிக்கொண்டது.

உன் கடிதம் ஏப்ரல் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. போன் பண்ணியதும் நான்தான். உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

நீ ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொண்டாய். உன் எதிரில் உட்காரத் தெம்பு இல்லை என்று எழுதியது நீ நினைத்த காரணத்துக்காக இல்லை.

போன வருஷம் ஜூலையில் நான் எழுதிய கடிதம் ஒன்று உன்னிடம் இருக்கும். கொளுத்தச் சொன்னேனே, அதில் ஒன்று. அதில் இப்படி எழுதியிருப்பேன்: "வடிவு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள் என்று எழுதியிருந்தாய். நீ செல்லம் கொடுப்பதால் வந்த வினை. வயிறு வலி, தலைவலி என்று சொன்னால் நம்பாதே. நடிப்பாள். அவள் வயசில் நானும் அப்படி நடித்தவன்தான். எழுப்பி அனுப்பு." எனக்கு அது மனப்பாடம். பத்து மாதமாகத் தினம் படிக்கிறேன், தாள் இல்லாமலே.

மயங்கி விழும்வரை அவள் சொல்லவில்லை என்று நீ சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். அப்படியானால் என் கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று. பன்னிரண்டு நாளும் அந்த நிம்மதியோடு உன் கையால் சாப்பிட்டேன். பிறகு நர்ஸ் கேட்டாள். அதோடு போயிற்று. உன்னிடம் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. உனக்கு என் கடிதம் ஞாபகம் வந்துவிட்டது, என்மேல் வெறுப்பு வந்துவிட்டது, அதனால்தான் கிளிக்கதை எழுதுகிறாய் என்று நினைத்தேன்.

அந்த வார்த்தை உன்னுடையது இல்லை தேவானை. நான் அனுப்பியது.

காண்ட்ராக்டை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விடுவார்கள். பிள்ளை போய் ஒரு வருஷம் ஆகிற ஆகஸ்ட் பதினொன்றாம் தேதிக்கு முன்னால் வர முடியும். ஆனால் நீ வா என்று எழுதினால்தான் டிக்கெட் போடுவேன். எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

அய்யாதுரை

*

மந்தைவெளி
8.7.98

அன்புள்ள அத்தானுக்கு, தேவானை எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை.

அலமாரியைத் திறந்தேன். அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நீங்கள் எழுதியிருப்பது ஒரு எழுத்து மாறாமல் அதில் அப்படியே இருக்கிறது.

பொய் சொல்லக் கூடாது, அதனால் எழுதுகிறேன். படித்ததும் உங்கள்மேல் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. மிஷினில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டே தைத்தேன். இதையும் ஆரக்காரன் கற்றுக்கொள்ளப் போகிறானே என்று கூண்டைத் தள்ளி வைத்தேன்.

பிறகு யோசித்தேன். எழுதியது நீங்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தது நான். ஷூ மாட்டியது நான். அந்த வார்த்தை என்னுடையது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு. என்னால் அப்படி இறக்கி வைக்க முடியவில்லை. இறக்கி வைத்தால் உங்கள் தலையில்தான் வைக்க வேண்டும். அதற்கும் மனசு வரவில்லை. அது இங்கேயே இருக்கட்டும், இந்த வீட்டில்.

கடிதத்தைக் கொளுத்தவில்லை. இனியும் மாட்டேன். அவள் சீருடைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

டிக்கெட் போடுங்கள்.

வருவதற்கு முன்னால் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், கிளிகள் இருப்பதால். ஆரக்காரன் இப்போதும் அந்த வார்த்தையைச் சொல்கிறான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. வாசல் கதவுச் சத்தம் கேட்டால் கட்டாயம் சொல்வான். நீங்கள் பெட்டியோடு உள்ளே நுழையும்போதும் சொல்வான். வாசலிலேயே நின்றுவிடாதீர்கள். அதற்கு அர்த்தம் தெரியாது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

அவளுக்கு நெஞ்சில் இறகு இன்னும் முளைக்கவில்லை. புது ஆளைக் கண்டால் மூலைக்குப் போய்விடுவாள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அதையே உற்றுப் பார்க்காதீர்கள். முதல் நாலைந்து நாள் பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். மிஷினுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்கிறேன், அதில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். சும்மா கூட இருந்தால் போதும். கடித்தால் இழுத்துக்கொள்ளாதீர்கள்.

கையை மட்டும் முதலில் நீட்டிவிடாதீர்கள். தானாக வரும். எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

தேவானை